கண்ணாடி இல்லாத பாட்டறை

நான் ஓய்வுபெற்று வீட்டில் குந்திய பிறகுதான் எங்கள் ஸ்டூடியோவில் சுவரை உடைத்துக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே ஒலிப்பதிவு செய்யும் ரிஸ்னா என்ற பிள்ளை படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பளபளவென்று பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் மைக், இந்தப் பக்கம் மிக்ஸர் மேசை. "இவ்வளவு காலமும் பாடுற ஆளப் பாக்காம எப்படி அங்கிள் ரெக்கோர்ட் பண்ணினீங்க?" என்று கீழே கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்தேன். அந்தப் பதில்தான் இது.

நான் நாவலப்பிட்டிக்காரன். ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் ஊற்றப் பழகி, கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டி, கல்யாண வீடுகளில் மைக் கூவுவதற்குத் திட்டு வாங்கி, கடைசியில் கட்டுகஸ்தோட்டையில் நிஸாம் நானாவின் ஸ்டூடியோவில் வந்து விழுந்தேன். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள், எங்களுக்கும் அவர் நானாதான். பழகிய காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், தொழில் வந்தது.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய வாடகை வீடு. முன்னறையில் மிக்ஸரும் கம்ப்யூட்டரும். அதை ஒட்டியிருந்த சாமான் அறைக்குச் சுற்றிவரப் பஞ்சும் கம்பளியும் அடித்துப் பாட்டறை ஆக்கியிருந்தார் நானா. இரண்டுக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் குறையாத கற்சுவர். வீட்டுக்காரர் அந்தச் சுவரில் காலண்டர் தொங்கவிட ஆணி அடிக்கவே சம்மதிக்காத மனிதர். அவரிடம் போய்க் கண்ணாடி வைக்கச் சுவரை உடைக்கட்டுமா என்று யார் கேட்பது? ஆகவே பாடுகிறவருக்கு எங்கள் முகம் தெரியாது, எங்களுக்கு அவர் முகம் தெரியாது. உள்ளே இருக்கும் மைக் எப்போதும் திறந்திருக்கும். அவர் மூச்சுவிட்டாலும் எங்களுக்குக் கேட்கும். ஆனால் எங்கள் பேச்சு அவருக்குக் கேட்க வேண்டுமென்றால், மேசையில் இருக்கும் ஒரு சிவப்புப் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். பிடிக்கும் மட்டும் அவருடைய ஹெட்போனில் கேட்கும். விட்டால் உள்ளே ஒன்றுமே கேட்காது.

நிஸாம் நானா அலவத்துகொடயைச் சேர்ந்தவர். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, சீனி போடாத ப்ளேன்டீ. யாரையும் புகழ மாட்டார். எப்பேர்ப்பட்ட பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடினாலும், கேட்டு முடித்து, "பாவிக்கலாம்" என்பார், அதாவது உபயோகிக்கலாம். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் ஏங்கிக் கிடந்தோம் என்றால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

நான் சேர்ந்த புதிதில் பேராதனைப் பக்கமிருந்து ஒரு ஆசிரியை பாட வந்தார். கூச்ச சுபாவம். அருமையாகப் பாடினார். பாடி முடித்த நேரம் முன்னறையில் யாரோ ஏதோ பகிடி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தபேலாக்காரருடைய கூட்டாளி ஒருவர் மேசையில் சாய்ந்திருந்தார், அவருடைய முழங்கை அந்தப் பட்டனில் இருந்தது. உள்ளே இருந்தவருக்குச் சிரிப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பின்கதவால் போய்விட்டார். நானா அவருடைய வீடு தேடிப் போய் விளக்கியும் அவர் திரும்பப் பாட வரவேயில்லை.

அன்றைக்குத் திரும்பி வந்து நானா என்னைக் கதிரையில் உட்கார வைத்துச் சொன்னார்.

"உள்ளுக்கு ஈக்கிற ஆளுக்குக் கண் இல்ல, மூர்த்தி. எங்கட வாய்தான் அவங்கட கண். பட்டன அமத்தினா மொதல்ல ஒங்கட பேரச் சொல்லுங்கொ. ஒரு விசயம் மட்டும் சொல்லுங்கொ, ரெண்டு சொல்ல வாணாம். இந்த ரூமுக்கு யாரு வந்தாலும், யாரு போனாலும் உள்ளுக்குச் சொல்லிப்போடுங்கொ."

அதுவே எங்கள் ஸ்டூடியோவின் சட்டமாகிவிட்டது. 'மூர்த்தி பேசுறேன், கிடார்காரர் வந்திருக்கார்.' 'மூர்த்தி பேசுறேன், நானா வெளிய போறார்.' எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. வீட்டில் மனைவி கடைக்குப் போகும்போதுகூட என் வாயில் அது வந்துவிடும். அவள் முறைப்பாள்.

நானாவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாட்டு வரிகளை அச்சடித்துக் கொடுக்க விடமாட்டார். எழுதியவர் முன்னறையில் இருந்து பட்டன் வழியாக ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பாடுகிறவர் உள்ளே இருந்து தன் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். "கையால எழுதினாத்தான் எங்க மூச்சு எடுக்கோணும் என்டு வெளங்கும்" என்பார். அதில் ஒரு வசதியும் இருந்தது. சிங்களத்தில் படித்த பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு கணீரென்று பாடிவிட்டுப் போவார்கள்.

இனி தயாளன், சுகந்தி கதைக்கு வருகிறேன். ரிஸ்னாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

தயாளன் ஹோட்டல்களில் கீபோர்ட் வாசித்தவர். சுகந்தி வத்தேகமயில் மருந்துக் கடையில் வேலை செய்த பெண், கோரஸ் பாட எங்களிடம் வந்துபோவார். இரண்டு பேரும் சந்தித்தது எங்கள் முன்னறையில். கல்யாணம் முடித்து, வத்தேகமயில் சுகந்தியின் தாய் தகப்பன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார்கள். அவர் பாட்டுக் கட்ட, இவர் பாட, இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு பாட்டாக யூடியூப்பில் விட்டார்கள்.

அந்த மாதிரிப் பாட்டு எனக்குப் புதிது. நான் தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவன். தயாளனின் சின்தசைஸரில் ஒரு கட்டையை அழுத்தினால் உடனே சத்தம் வராது. மெதுவாக, எங்கிருந்தோ கசிந்து, அறை முழுக்க நிறையும். கையை எடுத்தாலும் உடனே போகாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே சுகந்தியின் மெல்லிய குரல் அரைத் தூக்கத்தில் பேசுவது போலக் கேட்கும். எதிரொலி வேறு கூட்டிப் போடச் சொல்வார் தயாளன். பாட்டெல்லாம் ஒரே விசயம். காதல் ஆறிப் போகிறது, கையைப் பிடித்துக்கொண்டே தூரமாகிறார்கள்.

உன் கைச்சூடு ஆறுமுன்னே
தேநீர் ஆறிப் போனதே

இப்படி ஒரு பாட்டு. அவர்களுக்குக் கல்யாணமாகிச் சூடு ஆறாத காலம் அது!

"புதுமாப்பிள்ளை எழுதுற பாட்டா தம்பி இது?" என்று கேட்டேன்.

"சந்தோசமா ஆடிப் பாடப் பைலா இருக்குண்ணே," என்று சிரித்தார். "இந்த மாதிரி மனசுக்குத்தான் ஆள் இல்ல."

சுகந்தியும் சிரித்தார். அப்போது இரண்டு பேரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். மீன் துண்டை யார் எடுப்பது என்று சண்டை வரும். பிறகு இரண்டு பார்சல் வந்தது. பிறகு சாப்பாட்டு நேரத்துக்குத் தயாளன் சிகரெட் குடிக்க வெளியே போகத் தொடங்கினார். கொழும்பில் வேலை கிடைக்கிறது என்று அடிக்கடி போனார். நான் பட்டனை அமத்தி, "மூர்த்தி பேசுறேன், தயாளன் வெளிய போறார்" என்று உள்ளே இருக்கும் சுகந்திக்குச் சொல்வேன். "சரிண்ணே" என்று வரும். அந்தச் 'சரி' வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது. ஆனால் பாட்டுகள் முன்னைவிட நன்றாக இருந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குடும்பம் கரைந்து நல்ல பாட்டாக வருவதைப் பார்த்துக்கொண்டு லெவல் சரிபார்ப்பது என்ன பிழைப்பு என்று தோன்றியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மழை. நானா ஜும்மாவுக்குப் போயிருந்தார். ஒரு பாட்டில் கடைசிச் சரணம் மட்டும் பாக்கி. தயாளன் காலையிலேயே வந்துவிட்டார். கீபோர்ட் பையோடு ஒரு பெரிய பயணப் பையும் மூலையில் இருந்தது. கொழும்புக்கு ஹோட்டல் வேலையாக்கும் என்று நினைத்தேன். சுகந்தி கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நனைந்துகொண்டு வந்தார்.

வந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார்.

"மாடிச் சாவிய ஃபிரிட்ஜுக்கு மேல வச்சிட்டு வந்துட்டீங்க. நான் தூங்கிட்டேன்னா யாரு கதவத் தொறக்கிறது?"

தயாளன் கை நீட்டவில்லை. சுகந்தி சாவியை மிக்ஸர் மேசையில் வைத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு பாட்டறைக்குப் போனார். ஹெட்போனை மாட்டும் சத்தம் கேட்டது. "ரெடிண்ணே" என்றார். நான் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு தயாளனைப் பார்த்தேன். அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து வரிகளைச் சொல்லத் தொடங்கினார்.

கோபம் ஒன்றும் இல்லை அன்பே,
கொஞ்சம் கொஞ்சமாய்த் தீர்ந்துபோனேன்.

உள்ளே பென்சில் ஓடும் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

மாடி அறையின் சாவியை
மேலே வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்.

பென்சில் நின்றது.

"என்னது?" என்றார் சுகந்தி.

தயாளன் அந்த இரண்டு வரியையும் திரும்பச் சொன்னார். தூரத்தில் நிற்பவரின் குரலாக இருந்தது.

"சாவியா?"

"ஆமா. சாவி."

என் விரல் பட்டனில் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. கல்யாணம் முடித்தவளிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, பாட்டு என்று பெயர் வைத்து, அவள் கையாலேயே எழுத வைத்து, அவள் வாயாலேயே பாடவும் வைக்கப் பார்க்கிறார். என் விரலைக் கருவியாக வைத்து! அந்த ஆளின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கி, உதடு வெளுத்து, பரிதாபமாக நின்றார். திட்டக்கூட வாய் வரவில்லை.

"மூர்த்தி அண்ணே," என்றது ஸ்பீக்கர். "இவரு பக்கத்துலதான் இருக்காரா?"

"மூர்த்தி பேசுறேன். இருக்கார்."

"நான் அங்க வர்றேன்."

வந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. தலைமுடியில் இருந்துதான் சொட்டியது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீங்க இருங்கண்ணே, வேல முடியல" என்றார். பிறகு தயாளனிடம், "இந்த வரி என் வாயில வராது. இத நீங்களே பாடுங்க" என்றார்.

"பொம்பளக் குரலுக்குக் கட்டினது, சுகந்தி."

"சொல்றது யாரு?"

தயாளன் மூலையில் இருந்த பயணப் பையைப் பார்த்தார்.

"அப்ப சொல்றவங்களே பாடணும். போங்க."

அவர் போனார். சுகந்தி என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அத்தனை வருடம் பாடியும் மிக்ஸர் மேசைக் கதிரையில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. பட்டனைக் காட்டினேன். அமத்தினார்.

"சுகந்தி பேசுறேன். பாடலாம்."

சின்தசைஸர் கசிந்து நிறைந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டு தயாளனின் குரல் வந்தது. பாடகர் குரல் அல்ல. சொற்கள் சத்தத்துக்குள் அமிழ்ந்து போயின.

"சுகந்தி பேசுறேன். வெளங்கல. இன்னொருக்கா."

இன்னொரு முறை பாடினார். கொஞ்சம் பரவாயில்லை. சுகந்தி பட்டனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அந்த மியூசிக்க எடுத்துருங்கண்ணே. எதிரொலியையும் எடுத்துருங்க. அவருக்கும் கேக்க வேணாம்."

எடுத்தேன். தயாளன் வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் மேல் போர்த்தி வைத்திருந்த போர்வையை ஒரு விரலால் இழுத்துவிட்டேன். அடுத்த முறை வெறும் குரல்தான் வந்தது. பாதியில் கரகரத்தது, எச்சில் விழுங்குவது கேட்டது. 'தீர்ந்துபோனேன்' என்ற இடம் தெளிவாக விழுந்தது. சாவி வரும் இடத்தில் உடைந்துவிட்டது.

"சுகந்தி பேசுறேன். சாவி சரியாக் கேக்கல. அந்த எடத்த மட்டும் பாடுங்க."

உள்ளே ஒரு மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு பாடினார். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அதோடு நிற்கவில்லை. பாட்டு முடிந்து பேச்சு வந்தது.

"சுகந்தி, எனக்குச் சொல்லத் தெரியல. கொழும்புல ஒரு ரூம் எடுத்திருக்கேன். வேற யாரும் இல்ல. சத்தியமா வேற யாரும் இல்ல. நீ எதுவும் செய்யல. எனக்குத்தான் ஒண்ணுமே தோணல இப்பல்லாம். பக்கத்துல இருந்தாலும் தோணல. பாட்டுல மட்டுந்தான் வருது. சுகந்தி, கேக்குதா?"

பட்டன் சுகந்தியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் தொடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்தார். இவர் ஒரு சொல் சொன்னால், போக வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால், தயாளன் அழுதுகொண்டு வெளியே வந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. வந்து, வத்தேகமவுக்குப் போய், இன்னும் கொஞ்சக் காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் தோன்றாமல் இருப்பார். அது சுகந்திக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வேற யாராச்சும் இருந்திருந்தா சண்ட புடிச்சிருப்பேண்ணே," என்றார் என்னிடம், மெதுவாக. "இதுக்கு யாரோட போய்ச் சண்ட புடிக்கிறது?"

மேசையில் கிடந்த சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டு, சிப்பை இழுத்து மூடினார். எழுந்தார்.

"நான் உள்ளுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

"எப்பவும் சொல்றதுதானே. சொல்லுங்க."

கதவு மூடியது. மழைக்குள் செருப்புச் சத்தம் போனது. நான் பட்டனை அமத்தினேன். தொழிலில் அந்தப் பட்டன் அவ்வளவு கனமாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"மூர்த்தி பேசுறேன். சுகந்தி வெளிய போறாங்க."

 மழை ஓட்டில் விழும் சத்தம் பாட்டறைக்குள்ளும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "சாவி?" என்று வந்தது.

ஒரு முறைக்கு ஒரு விசயம் என்பது சட்டம். திரும்பவும் அமத்தினேன்.

"மூர்த்தி பேசுறேன். எடுத்துட்டுப் போறாங்க."

அப்புறம் மாத்தளை ரயில் போனது. ரயில் போகும்போது எப்போதும் பதிவை நிறுத்திவிடுவோம், சுவர் அதிரும். அன்றைக்கு நிறுத்த மறந்துவிட்டேன். ரயில் சத்தத்துக்குள் ஒரு மனிதன் வாய்விட்டு அழுவது பதிவாகிக்கொண்டிருந்தது. அதை நான் அன்றே அழித்துவிட்டேன்.

நானா தொப்பியைக் கையில் மடித்துப் பிடித்தபடி வந்தார். பயணப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவங்க போனத உள்ளுக்குச் சொன்னீங்க தானே?"

"சொன்னேன் நானா."

அதற்கு மேல் கேட்கவில்லை. தன்னுடைய ப்ளேன்டீயைப் பாட்டறைக் கதவைத் தட்டித் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் யாருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாட்டை வெளியிடலாமா என்று நானா பிறகு இரண்டு பேரையும் கேட்டார். தயாளன், சுகந்தி சொல்வதுபோல் செய்யுங்கள் என்றார். சுகந்தி போனில், "பாட்ட வெளிய விடுங்க நானா. கடைசிச் சரணத்துக்கு மட்டும் மியூசிக் போட வேணாம்" என்றார். அப்படியே செய்தோம். நான் கலவை முடித்துப் போட்டுக் காட்டியதும் நானா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகு "பாவிக்கலாம்" என்பதற்கு வாயைத் திறந்தார். சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். இப்போது அவரும் இல்லை.

அந்தப் பாட்டு ஓடிய ஓட்டம் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும். சோடி சோடியாகச் சிரித்துக்கொண்டு எடுக்கும் வீடியோக்களுக்குப் பின்னால் அதைப் போடுகிறார்கள். கடைசிச் சரணத்தில் சத்தமெல்லாம் சட்டென்று நின்று ஒரு ஆண் குரல் தனியாக வருகிறதே, அதற்கு என்ன எஃபெக்ட் பாவித்தீர்கள் என்று ரிஸ்னாவும் ஒருநாள் என்னைக் கேட்டாள். ஒன்றும் பாவிக்கவில்லை மகள் என்றேன். நம்பவில்லை.

பிரஷருக்கு மாத்திரை வாங்க நான் வத்தேகமவுக்கே போகிறேன். கிட்டத்திலேயே கடை இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் என்று மனைவி கேட்பாள். சுகந்தி மாத்திரை எண்ணிப் போட்டு, "சாப்பாட்டுக்குப் பொறகுண்ணே" என்பார். பாட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒருநாள் கடை ரேடியோவில் அதுவே போனது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கடைசிச் சரணம் வந்தபோது மட்டும், கையில் இருந்த மாத்திரை உறையை எழுதாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் எழுதினார்.

ஆகவே ரிஸ்னா, பாடுகிறவரைப் பார்க்காமல் எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டாய். அது பெரிய விசயமில்லை, காது இருந்தால் போதும். நீங்கள் கண்ணாடி வைத்தது நல்லதுதான். இனி யாராவது எழுந்து போனால், உள்ளே இருக்கிறவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். நீ சொல்ல வேண்டியிருக்காது.